சாப்பாடு ரசீது ஆகாது

எங்கள் ஊரில் அவருக்கு ரசீதம்மா என்று பெயர். உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். நோட்டீசுக்குப் பயந்தவன் இல்லை நான். ஆனால் அதை அவரே எழுதினால் பதில் சொல்லி நிற்க இந்தச் சேலம் ஜில்லாவில் ஆள் கிடையாது.

ஏற்காடு ஏரிக்கு மேலே போகிற ரோட்டில் என் கடை. மிளகு, காப்பித்தூள், ஜாதிக்காய், டூரிஸ்டுக்காரர்களுக்கு நீலகிரித் தைலம். முதல் முறை அவர் காப்பித்தூள் வாங்க வந்தபோது தெரிந்த முகமாயிற்றே என்று ஒரு டீ சொன்னேன். நின்றபடியே குடித்தார். குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்து, 'பாயிடமிருந்து டீ ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு நீட்டினார்.

"ஏனுங்க மேடம், ஒரு டீக்குமா?"

"டீக்குத்தானுங்க பாய் மொதல்ல வேணும். பெரிய தொகைன்னா எல்லாருமே ரசீது கேப்பாங்க. நம்ம ஊட்ல டீ குடிச்சவன்கிட்டக் கேக்கறதுக்குக் கூச்சப்படுவோம் பாருங்க, அங்கதான் ஆப்பு வெப்பானுங்க."

கிறுக்கு என்றுதான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சர்ச் வாசலில் பொங்கல் கொடுத்தால் ரசீது. பக்கத்து வீட்டுக்காரி கொய்யாப்பழம் கொடுத்தால் ரசீது. அவர் யாருக்காவது ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனாலேயே அவரிடம் யாரும் குழம்பு வாங்குவதில்லை.

வயது ஐம்பதைத் தாண்டியவர். சேலம் போகிற காலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட் அவருடையது. பனியில் நனையாதபடி கறுப்புக் கோட்டைப் பிளாஸ்டிக் கவரில் மடித்து மடியில் வைத்திருப்பார். அதன் மேல் தீர்ப்பு நகல்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்கள் வாந்தியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்திருக்க, இவர் மட்டும் குனிந்து படித்துக்கொண்டே வருவார். நல்ல வரி வந்தால் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் வாசித்துக் காட்டுவார். எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள், "டீச்சரு பைபிள் படிக்குது" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவர் டீச்சர் இல்லை. மிஷன் ஸ்கூல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு சட்டம் படிக்கப் போனார். ஏன் போனார் என்பது என் வழக்கோடு வந்த கதை. அதனால் என் வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொட்டச்சேடு, வாழவந்திப் பக்கம் போய் மிளகு எடுக்க ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். ஃபைனான்ஸ் கம்பெனி லோன். கம்பெனி ஆபீஸ் கீழே சேலத்தில். ஒரு தவணை கட்டக் கீழே இறங்கினால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. அதனால் மாதாமாதம் வசூலுக்கு ஓர் ஆள் மேலே வருவான். வாழவந்தியில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஊராக வசூல் செய்துவிட்டு மத்தியானம் என் கடைக்கு வருவான். பணத்தை வாங்கிக்கொண்டு, "மேல டவர் இல்லீங்க பாய், கீழ போயி ஏத்தீட்டா மெசேஜ் வந்துரும்" என்பான். சாயங்காலம் மெசேஜ் வரும். மலை ஏறி வந்தவனைச் சும்மா அனுப்பினால் எங்கள் ஊரில் பழி. என் வீட்டில் எத்தனை முறை கை நனைத்திருப்பான் என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை என்றால் பிரியாணி. என் மனைவி, "அண்ணனுக்கு இன்னொரு கறி வைங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

கடைசிச் சில தவணைகளுக்கு மெசேஜ் வரவில்லை. கேட்டேன். "சர்வர் மக்கர் பண்ணுதுங்க பாய்" என்றான். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னான். தின்கிறவனைப் பார்த்து 'ரசீது எங்கே' என்று எப்படிக் கேட்பது? எனக்கு வாய் வரவில்லை. இந்த மலையில் எவனுக்கும் வராது. அப்புறம் அவன் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

மே மாதம், சீசன். கடை முன்னால் நிற்க இடமில்லாத கூட்டம். இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். வட்டி, அபராதம், அது இது என்று ஒரு தொகையைச் சொல்லிக் கத்தினார்கள். கட்டிவிட்டேன் என்றேன். "யாருகிட்ட? அவன் எங்க ஆளே இல்ல" என்றான் ஒருவன். கல்லாவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்து நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த நேரம். இன்னொருவன் அவளை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணப் படிக்க வெக்கக் காசு இருக்குது, கடன் கட்டக் காசு இல்லையா? பொண்ண எங்களோட அனுப்பு, வேலைக்குச் சேத்தி உடறோம்" என்றான். கூட்டம் மிளகுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு என் மானம் ஏரித் தண்ணீரில் போய் விழுந்தது. அந்த ஆளின் முகம் இப்போதும் எனக்குத் தெரியும். எங்காவது தட்டுப்பட்டால் விடமாட்டேன்.

அதோடு முடியவில்லை. மகளின் படிப்புக் கடனுக்கு பேங்குக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே, 'வாராக்கடன்' என்று இருந்தது. "அப்பா ரெக்கார்டு இப்படி இருந்தா மேல பாஸ் பண்ண மாட்டாங்க பாய்" என்றார். நான் கட்டி முடித்த ஸ்கூட்டர் என் மகளின் படிப்பில் வந்து முட்டி நின்றது.

அன்றைக்கே ரசீதம்மா வீட்டுப் படியேறினேன். முழுக்கக் கேட்டார். "சோறு போட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"போட்டேனுங்க."

அவர் எழுந்து போய் ஒரு தீர்ப்பு நகலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மேலே வாதியின் பெயரைப் பார்த்தேன். அவருடைய பெயர்.

கூரை ஒழுகுகிறது என்று இதே கம்பெனியிடம் வருஷங்களுக்கு முன்னால் கடன் வாங்கியிருக்கிறார். இதே மாதிரி ஓர் ஆள் மேலே வந்திருக்கிறான். இவரும் சோறு போட்டிருக்கிறார், ரசீது கேட்கவில்லை. அவனும் பணத்தை அமுக்கிக்கொண்டு போய்விட்டான். வழக்குப் போட்டார். கோர்ட்டில் கம்பெனி வக்கீல், "ஏம்மா ரசீது வாங்கல?" என்று கேட்டதற்கு, "எங்க ஊட்ல சாப்பிட்டுட்டு இருந்தாருங்க, எப்படிக் கேக்கறது?" என்று இவர் உள்ளதைச் சொன்னார். வக்கீல் சிரித்தார். ஹாலே சிரித்தது. தீர்ப்பில் அந்த வரியும் ஏறியது: சாப்பாடு போட்டது பணம் கொடுத்ததற்கு ரசீது ஆகாது. மேல்கோர்ட்டும் அதையே சரி என்றது. காதுத் தோட்டை விற்று, கட்டிய பணத்தையே மறுபடி கட்டினார்.

"தோத்தது பரவால்லீங்க பாய்" என்றார். "இப்ப மலைக்காரன் எவன் வழக்குப் போட்டாலும் இதக் கொண்டாந்து வெக்கறாங்க. கொட்டச்சேட்டுல ஒருத்தருக்கு வெச்சாங்க. வாழவந்தியில ஒரு அம்மாவுக்கு வெச்சாங்க. என்ற பேரச் சொல்லித்தான் அவங்களத் தொரத்தியுட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. "உங்க வழக்கு எப்படிங்க அவங்களுக்குப் பொருந்தும்?"

"முன் தீர்ப்புன்னா அதானுங்க. ஒருத்தன் கோர்ட்டுல அழுதது இன்னொருத்தனுக்கு ஒதவணும். என்ற அழுகை என்னடான்னா அடுத்தவனுக்குக் குழி வெட்டிக்கிட்டு இருக்குது." அந்தத் தாளைத் தட்டினார். "இத ஒடைக்கோணும். அதுக்குத்தான் படிச்சேன். ஒடைக்கறாப்ல ஒரு வழக்கு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்துட்டீங்க."

அப்போது எனக்கு அது தெம்பாக இருந்தது. எனக்கும் கொலைவெறி, அவருக்கும் கொலைவெறி. ஜோடி சரியாகச் சேர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

சண்டை போடுகிற விதத்தை அவரிடம்தான் பார்க்க வேண்டும். நான் அங்கே இருக்கும்போதே, கடையில் கத்தியவர்களில் ஒருவன் எனக்குப் போன் செய்தான். போனைப் பிடுங்கிக்கொண்டார். "வணக்கம் சாமி. உங்க பேரு என்னங்க? எந்த ஏஜென்சி? அடையாள அட்டை நம்பர் சொல்லுங்க கண்ணு, எழுதிக்கறேன்." அந்தப் பக்கம் பட்டென்று கட் ஆனது. அவர் விடவில்லை. மறுநாளிலிருந்து அவரே அவனைக் கூப்பிட ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலும் கடன்காரனைக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதாம். அதற்கு மரியாதை கொடுத்து, சரியாக எட்டுக்கு ஆரம்பிப்பார். "பேரு சொல்றீங்களா சாமி?" மத்தியானம் ஒரு தரம். சாயங்காலம் ஒரு தரம். ஒரு நாள் என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டார். அவன் அழுகிற குரலில், "மேடம், நான் வேலைய உட்டுட்டேன் மேடம். எங்க அம்மா போன எடுக்கவே பயப்படுது மேடம்" என்றான்.

"எங்க பாப்பாவும் இப்ப கல்லாவுல உக்காரப் பயப்படுது கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகக் குளிர்ந்தது. என் மனைவி மட்டும், "அந்தம்மா கண்ணப் பாத்தீங்களா? எனக்கென்னமோ நல்லதாப் படல" என்றாள். பேசாமல் இரு என்று அவளை அடக்கினேன்.

கடன் விவரங்களைப் பதிந்து வைக்கிற கம்பெனிக்கு, பதிவு தப்பு என்று எழுதிப் போட்டார். பதில் வந்தது: கடன் கொடுத்தவரிடம் விசாரித்தோம், பதிவு சரி என்கிறார்கள். ரசீதம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "திருடன்கிட்டயே போயி நீ திருடுனியான்னு கேட்டுப்போட்டு, இல்லைன்னு சொல்றான், அதனால அவன் திருடலன்னு எழுதீருக்காங்க பாருங்க." அந்தப் பதிலையும் வழக்கில் சேர்த்தார். பேங்க் மேனேஜரிடமும் போனார். அப்பன் கடன் பதிவு சரியில்லை என்று பிள்ளையின் படிப்புக் கடனை மறுக்கக் கூடாது என்று பக்கத்து மாநில ஐகோர்ட் ஒன்று சொன்னதை எடுத்துக் காட்டினார். "அது அந்த ஊரு தீர்ப்புங்க மேடம், எங்களக் கட்டாது. மேலிடத்துல கேக்கறேன்" என்றார் மேனேஜர். மேலிடம் வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள்.

நுகர்வோர் கோர்ட்டில் விசாரணை நாள். கம்பெனி தரப்பில் அதே வக்கீல். எழுந்ததும் அதே பழைய தீர்ப்பை நீட்டினார். ரசீதம்மாவின் பெயரை, அவர் எதிரே நிற்கும்போதே, ஒரு தோற்ற வழக்கின் பெயராக நிறுத்தி நிதானமாக வாசித்தார். ரசீதம்மா தலையைக் குனியவில்லை. கம்பெனியின் கிளை மேனேஜரைக் கேள்வி கேட்க ஏற்கெனவே அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

"நீங்க ஏற்காடு வந்திருக்கீங்களா சார்?"

"ஒரு தடவ வந்திருக்கேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு."

"தனியாவா?"

"எங்க ஸ்டாஃப் ஒருத்தர் கூட்டிட்டு வந்தாரு."

ரசீதம்மா வசூல்காரனின் போட்டோவைக் காட்டினார். "இவருங்களா?"

மேனேஜர் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தார். அவன் எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி எழுத்தில் பதில் கொடுத்திருந்தது. கம்பெனி வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"மத்தியானம் எங்க சாப்ட்டீங்க?"

"இவரு வீட்டுல." என்னைக் காட்டினார்.

"சாப்பிட்டுக்கிட்டே இவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஞாபகமில்ல."

அன்றைக்கு என் மகள் விளையாட்டாகப் போனில் எடுத்த வீடியோவை முன்னதாகவே முறைப்படி தாக்கல் செய்திருந்தார். அதை அங்கே ஓட்டினார். வாழை இலைக்கு முன்னால் மேனேஜர், பக்கத்தில் வசூல்காரன். வாய் நிறையப் பிரியாணியோடு மேனேஜர் சொல்கிறார்: "நீங்க எதுக்குப் பாய் கீழ அலையறீங்க? இவன்கிட்டயே குடுத்துருங்க. இவன்கிட்டக் குடுத்தா என்கிட்டக் குடுத்த மாதிரி." முந்தின தவணைகளெல்லாம் இதே ஆளிடம் இதே மாதிரி கொடுத்து, கம்பெனிக் கணக்கில் வரவான விவரத்தையும் அடுத்து வைத்தார். ஒருவனைத் தன் ஆள் என்று ஊரை நம்ப வைத்துவிட்டு, பணம் போனதும் கை கழுவக் கூடாது என்று சொன்ன பெரிய கோர்ட் தீர்ப்புகளைப் பின்னாலேயே அடுக்கினார். தன் பழைய வழக்கில் மேலதிகாரியின் வாய்வார்த்தை கிடையாது, வரவு விவரமும் வைக்கவில்லை, அதனால் அந்தத் தீர்ப்பு இங்கே பொருந்தாது என்று முடித்தார். கோர்ட் தன் தீர்ப்பை வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தது.

தீர்ப்பு வருவதற்குள் கடைசித் தேதி வந்தது. தங்கத்தை வைத்துப் பார்த்தேன், மச்சானிடம் கேட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. மகளின் இடம் இன்னொருவருக்குப் போனது. அவள் அழவில்லை. கடைக்கு வந்து மிளகைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள். சிநேகிதி ஒருத்தி வெள்ளைக் கோட்டோடு போட்டோ அனுப்பினாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சேலம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். "பொண்ணு படிப்பு போயிருச்சாமே பாய். ஏனுங்க இப்படிப் பண்ணீட்டீங்க? விசாரணை முடிஞ்ச அன்னைக்கே நாங்க சொன்னோமே. ரெக்கார்டு சுத்தம் பண்ணி லெட்டர் தந்தர்றோம், கடன் ஒண்ணும் இல்லைன்னு எழுதித் தர்றோம், கேஸ வாபஸ் வாங்கிக்கங்கன்னு. நீங்க முடியாதுன்னு சொல்லீட்டீங்களாம்ல?"

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"சமாதானத்துக்கு வந்தாங்களாமே. மறைச்சீங்களா?"

"மறைச்சேனுங்க." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஏன்?"

"சொல்லியிருந்தா வாபஸ் வாங்கியிருப்பீங்க. வாங்கியிருந்தா தீர்ப்பு கெடையாது. அந்தப் பழைய தீர்ப்பு அப்படியே உக்காந்திருக்கும். நாளைக்கு இன்னொரு மலைக்காரன் தலையில அதயே கட்டுவாங்க."

"அதுக்கு என் புள்ளதான் கெடச்சாளா?"

அவர் கொட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "பாப்பாவுக்கு ஒரு வருசம் போனது நஷ்டத்துல சேருமுங்க. அதையும் மனுவாப் போட்டுட்டேன். தீர்ப்பு கனமா வரும்."

என் பிள்ளையின் ஒரு வருஷத்தை அந்த அம்மா தராசில் எடைக்கல்லாகப் போட்டிருக்கிறார். அந்தக் காப்பிக்கொட்டையை நான் காலால் எட்டி உதைத்தேன். முற்றம் முழுக்கச் சிதறியது. வாயில் வந்ததெல்லாம் பேசினேன். பெண்பிள்ளை, வயதில் மூத்தவர் என்று எதையும் பார்க்கவில்லை. நான் திட்டி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டார். அப்புறம் குனிந்து கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தீர்ப்பு வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது. வசூல்காரன் கம்பெனி ஆள்தான், கொடுத்த பணம் கொடுத்ததுதான். பதிவைத் திருத்த வேண்டும். கடை முன்னால் நடந்த அசிங்கத்துக்கு நஷ்டஈடு, மகள் இழந்த வருஷத்துக்குத் தனியாக நஷ்டஈடு. பழைய தீர்ப்பை இப்படிப்பட்ட வழக்குகளுக்குக் கொண்டுவர முடியாது என்று ஒரு முழுப் பத்தி. கம்பெனி அப்பீலுக்குப் போய் அங்கேயும் மூக்குடைபட்டது. முதல் தீர்ப்பு வந்த அன்று திரும்பிய பஸ்ஸில் ரசீதம்மா முன் சீட்டில் அந்தப் பத்தியை வாசித்துக்கொண்டே வந்தார். அடிவாரம் தாண்டியதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கம்பெனியை எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவு வெறுத்தேன்.

அடுத்த வருஷம் மகளுக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது, கடனும் கிடைத்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் மேலேயே வழக்குப் போடுவது என்று சேலத்தில் வக்கீல் வக்கீலாக ஏறி இறங்கினேன். வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். பார் கவுன்சிலுக்கு எழுதலாம் என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் எல்லாரும் நழுவினார்கள். "ஜெயிச்சுட்டீங்கல்ல பாய், உடுங்க" என்றார் ஒருவர்.

ஒரு நாள் மத்தியானம் ரசீதம்மாவே கடைக்கு வந்தார். மகளும் லீவுக்கு வந்திருந்தாள். டைப் அடித்த ஒரு காகிதக் கட்டை மேஜையில் வைத்தார்.

"எவனும் எழுத மாட்டேங்கறான்னு கேள்விப்பட்டேன். நானே எழுதியாந்துட்டேன். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் மேல் நான் கொடுக்கிற புகார். எதிரணியினர் என்ன சொன்னார்கள், அதை எங்கே வைத்துச் சொன்னார்கள், அவர் என்னிடம் எதை மறைத்தார், அதனால் என் மகளுக்கு என்ன ஆனது, எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தது. சமாதானப் பேச்சைக் கட்சிக்காரரிடம் மறைத்த வக்கீல்கள் முன்னால் எப்படித் தண்டிக்கப்பட்டார்கள் என்று தீர்ப்புகளும் பின்னால் கோத்திருந்தன.

"என்ன மேடம், நாடகமா?" என்றேன்.

"நாடகமில்லீங்க பாய். அந்தக் கம்பெனிக்காரன் எனக்குப் பண்ணுனதத்தான் நான் பாப்பாவுக்குப் பண்ணுனேன். அவன உடல. என்னைய மட்டும் எப்படி உடறது?"

அழுவார் என்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. பேனாவை மூடி கழற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குக் கை போகவில்லை. மகள் காகிதக் கட்டை எடுத்து நின்றபடியே கடைசி வரை படித்தாள்.

"இதுல ஒண்ணு உட்டுப்போச்சுங்க" என்றாள். "அந்த ஒரு வருசம் நான் இந்தக் கல்லாவுல உக்காந்திருந்தது. கூடப் படிச்சவங்க டூர் வந்து, என்னையப் பாத்துட்டு, பாக்காத மாதிரி போனது."

"சேத்திக்க கண்ணு" என்றார் ரசீதம்மா. மகள் ஓரத்தில் அதை எழுதிச் சேர்த்தாள். நிறுத்தாமல் எழுதினாள். எழுதி முடித்து, "அத்தா, போடுங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டினாள். போட்டேன்.

சென்னையில் விசாரணைக்குப் போனோம். மூன்று வக்கீல்கள் கமிட்டியாக உட்கார்ந்திருந்தார்கள். "புகார்ல இருக்கறது எல்லாம் உண்மைங்கய்யா" என்றார் ரசீதம்மா. நடுவில் இருந்தவருக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. "கட்சிக்காரருக்கு ஜெயிச்சுக் கொடுத்திருக்கீங்க. உங்களுக்குன்னு பணமும் எடுத்துக்கல. வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா, கண்டிச்சு அனுப்பிடறோம்" என்றார்.

"பின்னால கோத்திருக்கற தீர்ப்புகளப் பாருங்கய்யா" என்றார் ரசீதம்மா. "அதுல ஒண்ணுலயும் கண்டிச்சு அனுப்பல."

அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசீதம்மா கோர்ட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று வருஷக்கணக்கில் தடை போட்டார்கள். கோட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் மடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் லேசாகியிருக்க வேண்டிய நேரம், ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க பாய், எங்கயும் ஓட்டை இல்லாம எழுதியிருந்தேன்ல?"

நொம்ப நன்றாகத்தான் எழுதியிருந்தார், பாவி.